உயிருள்ள மூளையில் டோப்பமின்

சென்ற கோடை விடுமுறையில் ஊருக்குப் போயிருந்தபோது சித்தப்பாவின் கை நடுங்கக் கண்டேன். காப்பி டம்ளரைப் பிடிக்க இயலவில்லை, நடையும் விறைத்திருந்தது. அவருக்கு மனச்சிதைவு நோய். நோய் முற்றிவிட்டது, மாத்திரையைக் கூட்ட வேண்டும் என்று வீட்டார் பேசிக்கொண்டனர். பௌதிகம் பயிலும் எனக்கு அன்று சொல்ல ஒன்றும் தெரியவில்லை. விடுதிக்குத் திரும்பியபின் படித்ததை நம் சங்கத்து நண்பர்களுக்கு எழுதுகிறேன்.

நரம்பணுக்கள் தம்முள் செய்தி அனுப்ப உதவும் இரசாயனப் பொருள்களுள் டோப்பமின் ஒன்று. அதனைப் பெற்றுக்கொள்ளும் புரதங்களை ஏற்பிகள் என்பர். 1952-இல் குளோர்ப்புரோமசின் என்னும் மருந்து வழக்கிற்கு வந்து, நோயாளர் பலரின் பிரமைகளைத் தணித்தது. அது டோப்பமின் ஏற்பிகளை அடைக்கிறது என்பது பின்னரே தெளிவாயிற்று. ஆனால் மண்டையோட்டைத் திறவாமல், எவ்வளவு அடைபட்டது என்று எங்ஙனம் அளப்பது?

இங்கேதான் பௌதிகம் கைகொடுக்கிறது. ராக்லோப்ரைடு என்னும் பொருள் டி-2 வகை ஏற்பிகளில் ஒட்டிக்கொள்ளும். அதில் கதிரியக்கமுள்ள கார்பன்-11 அணுவைப் பொருத்தி, மிகச் சிறிதளவை இரத்தக்குழாயில் செலுத்துவர். அவ்வணு சிதையும்போது பாசிட்ரான் ஒன்று வெளிப்படும். அது சில மில்லிமீட்டருக்குள் ஓர் எலக்ட்ரானைச் சந்திக்க, இரண்டும் அழிந்து, தலா 511 கிலோ எலக்ட்ரான் வோல்ட் ஆற்றலுள்ள இரு காமாக் கதிர்கள் எதிரெதிர்த் திசையில் பாயும். தலையைச் சுற்றியுள்ள வளையத்தில் இரு உணர்கருவிகள் ஒரே கணத்தில் அவற்றைப் பெற்றால், அவ்விரண்டையும் சேர்க்கும் கோட்டின்மேல் எங்கோதான் அணு சிதைந்தது என அறியலாம். இத்தகைய கோடுகள் இலட்சக்கணக்கில் சேரக் கணிப்பொறி படம் வரைகிறது. கார்பன்-11-இன் அரை ஆயுள் ஏறத்தாழ 20 நிமிடமே! சைக்ளோட்ரான் அருகிலேயே இருத்தல் வேண்டும். சுடச்சுடப் பரிமாற வேண்டிய பண்டம் இது.

மருந்து உண்டவரிடம் ஏற்பிகள் முன்பே அடைபட்டிருப்பதால் ராக்லோப்ரைடுக்கு இடம் குறைந்து, படம் மங்கும். மங்கலைக் கொண்டு அடைப்பைக் கணக்கிடுவர். 1980-களில் ஸ்வீடனின் கரோலின்ஸ்கா நிறுவனத்தில் லார்ஸ் ஃபார்டே குழுவினரும், பின்னர் டொராண்டோவில் ஷிதிஜ் கபூர் முதலியோரும் இவ்வழியில் அளந்தனர். ஏறத்தாழ 65 விழுக்காடு அடைபட்டால் மருந்து பலன் தரத் தொடங்கும்; 80-ஐ நெருங்கினால் நடுக்கமும் விறைப்பும் தலைகாட்டும். (குளோசப்பின் மட்டும் இக்கணக்குக்கு அடங்குவதில்லை, குறைந்த அடைப்பிலேயே வேலை செய்கிறது.)

இதைப் படித்ததும் டம்ளர் நினைவுக்கு வந்தது. நடுக்கம் நோயால் வந்ததாக இராமல், மருந்தின் மிகுதியால் வந்ததாகவும் இருக்கலாமே! டாக்டரைக் கேளாமல் கூட்டவும் வேண்டாம், நிறுத்தவும் வேண்டாம் என்று அன்றிரவே அப்பாவிடம் தொலைபேசியில் சொன்னேன்.

படத்தைப் பார்த்தே நோயைக் கண்டுபிடிக்கலாமே என்றான் அறைத்தோழன். இயலாது. நோயாளரிடம் டோப்பமின் ஆக்கம் சராசரியில் மிகுந்திருப்பதைப் புளோரின்-18 ஏற்றிய டோப்பாவைக் கொண்டு கண்டிருக்கின்றனர். ஆயினும் நோயற்றோர் பலரின் அளவும் அதே எல்லைக்குள் விழுகிறது.

சித்தப்பாவுக்கு எந்தப் படமும் எடுக்கவில்லை. டாக்டர் அவர் கையை நீட்டச் சொல்லிப் பார்த்தே அளவைக் குறைத்தார். இப்போது காப்பி சிந்துவதில்லை என்று அம்மா சொன்னாள்.