எரிபொருள் அருகும் காலத்துக்குக் குடித்தனங்களின் ஆயத்தம்

குடித்தனத்தின் வரவுசெலவைக் கணக்கிடுவோர் அரிசி, துணி, கல்யாணம், வைத்தியம் ஆகிய செலவுகளை நினைப்பர். அடுப்புக்கும் விளக்குக்கும் ஆகும் செலவைத் தனியாய் எழுதி வைப்போர் மிகச் சிலரே. எழுதப்படாத செலவு, விலை ஏறுங்காலத்தில் கடனாக உருவெடுத்த பின்னரே கண்ணுக்குத் தெரியும். ஆகையால் இவ்விஷயத்தைத் தட்டுப்பாடு நேருமுன்னரே சங்க அங்கத்தினர்கள் ஆராய்வது நலம்.

1. முன் நிகழ்ந்தவை

1942-ஆம் வருஷம் மார்ச்சு மாஸத்தில் ஜப்பானியர் ரங்கூனைப் பிடித்தனர். அடுத்த மாஸம் ஏனாஞ்சாவுங் எண்ணெய்க் கிணறுகள், சத்துருவின் கைக்குப் போகாதிருக்கும்படி ஆங்கிலேயராலேயே அழிக்கப்பட்டன. பர்மா மண்ணெண்ணெய் வருவது நின்றது. கிராமத்து வீடுகளில் விளக்கெரிப்பது அரிதாயிற்று.

எண்பது வருஷம் கழித்து, வேம்பாருக்கு எதிரே மன்னார் வளைகுடாவின் அக்கரையில் இதுவே வேறு விதமாய் நிகழ்ந்தது. எண்ணெய் வாங்க அந்நியச் செலாவணி இல்லாமையால், இலங்கையில் 2022-ஆம் வருஷம் மார்ச்சு முடிவில் தினம் 13 மணி நேரம் வரை மின்சாரம் நிறுத்தப்பட்டது. ஜூலை மாஸத்தில் வாரத்துக்கு இவ்வளவுதான் பெட்ரோல், டீசல் என்று பங்கீடு வந்தது. ஆகஸ்டில் மண்ணெண்ணெய் லிட்டர் 87 ரூபாயிலிருந்து 340 ரூபாயாக உயர்ந்தது. மண்ணெண்ணெய் எஞ்சினை நம்பியிருந்த வடபகுதித் தமிழ் மீனவர் பலர் கடலுக்குப் போக இயலாமல் தவித்தனர்.

இவ்விரு காலங்களிலும் குடித்தனக்காரர்கள் யாதொரு குற்றமும் செய்யவில்லை. தூரதேசத்திலிருந்து வரும் பொருளை முழுதும் நம்பியிருந்ததே அவர்கள் துன்பத்துக்குக் காரணம். தஞ்சாவூரில் பிறந்த பொருளாதார அறிஞர் ஜே. சி. குமரப்பா, எடுக்க எடுக்கக் குறையும் நிலக்கரி, பெட்ரோலியம் ஆகியவற்றை ஒரு வகையாகவும், மறுபடி உண்டாகும் மரம் முதலியவற்றை மற்றொரு வகையாகவும் பிரித்துக் காட்டினார். வார்தாவில் அவர் நடத்திய கிராமக் கைத்தொழில் சங்கத்தில், தாவர எண்ணெயில் எரியும் ‘மகன் தீபம்’ என்னும் விளக்கும் செய்யப்பட்டது.

2. அடுப்பு

தண்ணீர் கொதித்த பிறகு தீயை எவ்வளவு பெருக்கினாலும் அதன் உஷ்ணம் ஏறுவதில்லை. ஆவிதான் மிகுதியாய்ப் போகும். எனவே கொதி வந்தவுடன் தீயைத் தணித்து, பாத்திரத்தை மூட வேண்டும். பயறு வகைகளை முதல் நாளிரவே ஊற வைத்தால் வேகுங்காலம் குறையும். சோறு பாதி வெந்ததும் பாத்திரத்தை இறக்கி, வைக்கோல் திணித்த பெட்டியிலோ கூடையிலோ வைத்து மேலும் வைக்கோலால் நெருக்கமாய் மூடினால், மிகுதி தன் சூட்டிலேயே வெந்துவிடும்.

பச்சை விறகிலுள்ள நீரை ஆவியாக்கவே தீயின் ஒரு பங்கு செலவாகிறது. புகையும் பெண்களின் கண்ணையும் மார்பையும் கெடுக்கிறது. விறகைச் சிறிதாய்ப் பிளந்து, மழைக்கு முன் காயவைத்து அடுக்க வேண்டும். கச்சான் காற்று வீசும் மாஸங்களில் அடுப்பைச் சுற்றி மண் தடுப்பு அவசியம்.

காஸ் அடுப்பு உள்ள வீடுகளும் விறகடுப்பை இடித்துவிடலாகாது. 2023 மார்ச்சில் சென்னையில் 14.2 கிலோ சிலிண்டரின் விலை 1,100 ரூபாய்க்கு மேலாயிற்று. அவ்வருஷம் ஆகஸ்டு முடிவில் ஒரே நாளில் 200 ரூபாய் குறைந்தது. இவ்வாறு ஏறி இறங்கும் விலையை ஏழைக் குடும்பம் தாங்க வேண்டுமாயின் மாற்று வழி ஒன்று கையில் இருக்க வேண்டும்.

3. பனையும் வேலிக்காத்தானும்

வேம்பார்ப் பக்கத்தில் பனையோலை, மட்டை, பாளை யாவும் எரிபொருளே. பதநீரைக் கருப்பட்டியாகக் காய்ச்சுவதற்கு மிகுதியான விறகு தேவை. விறகு விலை ஏறினால் பனையேறியின் கூலியே குறைகிறது. ஆகையால் வட்டையின் அளவுக்கு இசைந்த அடுப்புக் கட்டுவதும், பருவம் தொடங்குமுன் விறகு சேர்ப்பதும் இலாபம் தரும். வேலிக்காத்தான் தானே பரவும் மரம். அதை வெட்டி எரிப்பதால் நிலமும் துப்புரவாகும். பனையை மட்டும் விறகுக்காக வெட்டலாகாது. அது பயன் தரப் பல வருஷங்கள் ஆகும்.

4. விளக்கு

60 வாட் குண்டு பல்பு தினம் 5 மணி நேரம் எரிந்தால் 60 நாளில் 18 யூனிட் ஆகும். அதே வெளிச்சம் தரும் 9 வாட் எல்.இ.டி. பல்புக்கு 2.7 யூனிட்டே செல்லும். தமிழ்நாட்டில் 2016-ஆம் வருஷம் முதல் வீடுகளுக்கு இரண்டு மாஸத்துக்கு 100 யூனிட் கட்டணமின்றிக் கிடைக்கிறது. பல்புகளை மாற்றிய சிறு குடும்பம் அவ்வெல்லையை ஒட்டியே காலந்தள்ளலாம். மின்சாரம் நின்ற இரவுக்கு ஒரு சிறு சூரிய விளக்கைப் பகலில் வெயிலில் வைத்து ஆயத்தமாக்குவது நல்லது.

5. வள்ளம்

எஞ்சின் வேகத்தைச் சற்றுக் குறைத்தால் எண்ணெய்ச் செலவு அதைவிட மிகுதியாய்க் குறைகிறது. அடியில் பாசியும் சிப்பியும் ஒட்டிய வள்ளம் அதிக எண்ணெய் குடிக்கும். அடிக்கடி கரையேற்றிச் சுரண்ட வேண்டும். பாயையும் கம்பத்தையும் எறிந்துவிடாமல், இளைஞருக்குப் பாய்த்தொழிலைக் கற்பித்து வைப்பது விவேகம். எண்ணெய் கிடையாத நாளில் கரைக்குத் திரும்ப அதுவே துணை.

6. சங்கத்தின் கடமை

தனி மனிதன் ஒருவன் நெருக்கடி வந்தபின் வாங்கினால் கடைக்காரன் சொன்ன விலை. சங்கம் முன்கூட்டியே மொத்தமாய் வாங்கினால் எல்லோருக்கும் நியாய விலை. அடுத்த பொதுக்கூட்டத்தில் பின்வருவனவற்றை ஆலோசிக்கலாம்:

(அ) ஒவ்வொரு அங்கத்தினரும் மூன்று மாஸத்துக்கு எரிபொருட் செலவைக் கணக்கெழுதுதல்.

(ஆ) எல்.இ.டி. பல்பு, சூரிய விளக்கு ஆகியவற்றைச் சேர்ந்து வாங்கித் தவணையில் கொடுத்தல்.

(இ) கருப்பட்டி காய்ச்சுவோருக்குப் பருவத்துக்கு முன் விறகு வாங்கக் குறுகிய காலக் கடன்.

(ஈ) விதவைகள், வயோதிகர் வீடுகளுக்குக் காய்ந்த விறகில் ஒரு பங்கை ஒதுக்குதல்.

வட்டிக்கு வாங்கி அடுப்பெரிக்கும் குடும்பம், சோற்றோடு தன் நாளைய கூலியையும் சேர்த்து எரிக்கிறது. அந்நிலை எந்த வீட்டுக்கும் வராதபடி காப்பதே ஐக்கிய சங்கத்தின் பிரயோஜனமாகும்.