கோச்சா, ஆட்டக்காரரா?

அன்புள்ள ஸ்ரீரங்கம் நண்பருக்கு,

கடிதம் கிடைத்தது. கோவாவில் சிங்கப்பூரிடம் நம் அணி தோற்ற இரவைப் பற்றி எழுதியிருக்கிறீர்கள். 2025 அக்டோபர் 14. சாங்டே முதல் கோலைப் போட்டு நம்மை எழுந்து நிற்கவைத்தார். பிறகு சிங்கப்பூரின் சாங் உய்-யங் இரண்டு கோல் போட்டார். 2027 ஆசியக் கோப்பைக்குப் போகும் வழி அன்றே அடைபட்டது. உங்களுக்கு வந்த கோபம் எனக்கும் வந்தது. “கோச்சைக் குறை சொல்வதா, ஆட்டக்காரர்களைக் குறை சொல்வதா? ஒரு நாட்டின் ஆட்டத்தை உண்மையில் யார் ஜெயிக்கிறார்கள்?” என்று கேட்டிருக்கிறீர்கள். கடிதத்தின் கடைசியில், எட்டாவது படிக்கும் மகனை ஃபுட்பால் கோச்சிங்கில் சேர்க்கலாமா என்று இன்னொன்றும் கேட்டிருக்கிறீர்கள். எனக்கு இரண்டும் ஒரே கேள்வியாகத்தான் படுகிறது. அதனால் கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன்.

என் பதிலை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். சர்வதேச ஆட்டத்தை ஜெயிப்பது ஆட்டக்காரர்களின் திறமைதான். ஆனால் அந்தத் திறமை பிறவியிலேயே வந்தது என்று சொன்னால் ஒப்புக்கொள்ள மாட்டேன். எட்டு வயதிலிருந்து பதினாலு வயதுவரை யாரோ ஒருவர் வெயிலில் நின்று சொல்லிக்கொடுத்த திறமை அது. டி.வி.யில் கோட்டுக்கு வெளியே நின்று கையை ஆட்டுகிறாரே, அவர் வந்துசேர்வது அதெல்லாம் முடிந்த பிறகு.

காலித் ஜமீலையே பாருங்கள். இந்திய அணியின் கோச்சாக 2025 ஆகஸ்டில் பொறுப்பேற்றார். கையில் கிடைத்தது சில நாள் கேம்ப். மோகன் பகான் கிளப் தன் ஆட்களை அனுப்பவில்லை. இருந்தும் மத்திய ஆசிய நாடுகளின் போட்டியில் தஜிகிஸ்தானை அவர்கள் மண்ணிலேயே 2-1 என்று ஜெயித்தார்கள். ஓமனோடு 1-1 ஆகி பெனால்ட்டிக்குப் போனபோது கோல்கீப்பர் குர்பிரீத் கடைசி உதையைத் தடுத்தார். மூன்றாம் இடம் கிடைத்தது. நாடே காலித்தைக் கொண்டாடியது. ஐந்து வாரம் கழித்து அதே காலித்தின் அணிக்குச் சிங்கப்பூரிடம் தோல்வி. நவம்பர் 18 அன்று டாக்காவில் வங்கதேசத்திடம் 0-1. அந்த ஐந்து வாரத்தில் ஒரு மனிதர் தொழிலை மறந்துவிட்டாரா என்ன? ஐ.எஸ்.எல். எப்போது தொடங்கும் என்றே தெரியாமல் ஆட்டக்காரர்கள் உட்கார்ந்திருந்த ஆண்டு அது. மாதக்கணக்கில் போட்டி ஆட்டமில்லாத கால்களை ஒரு வாரக் கேம்பில் எந்த கோச்சாலும் ஓடவைக்க முடியாது.

“அப்படியானால் ரஹீம்?” என்று கேட்பீர்கள். அவர் கதையான ‘மைதான்’ படம் பார்த்து அழுததாக எழுதியிருக்கிறீர்களே. சையது அப்துல் ரஹீமைத் தள்ளிவைத்துவிட்டு இந்த வழக்கைப் பேசவே முடியாது. ஹைதராபாத்தில் பள்ளி ஆசிரியராக இருந்தவர். ஹைதராபாத் சிட்டி போலீஸ் அணியின் கோச், 1950-லிருந்து இந்தியாவின் கோச். 1951 டெல்லி ஆசிய விளையாட்டில் தங்கம். அடுத்த ஆண்டே ஹெல்சிங்கி ஒலிம்பிக்கில் யூகோஸ்லாவியாவிடம் 1-10 என்று அடிவாங்கினோம். நம்மவர்களில் பலர் வெறுங்காலோடு ஆடினார்கள். 1956 மெல்போர்னில் ஆஸ்திரேலியாவை 4-2 என்று ஜெயித்து, நெவில் டிசோசா மூன்று கோல் போட்டு, நான்காம் இடம் வரைக்கும் போனோம். அதற்கு மேல் ஒலிம்பிக்கில் இந்தியக் கால்பந்து போனதில்லை.

பிறகு 1962 ஜகார்த்தா ஆசிய விளையாட்டு. இதை நிதானமாகச் சொல்ல ஆசைப்படுகிறேன், ஏனென்றால் ‘கோச்தான் எல்லாம்’ என்கிறவர்களின் பெரிய சாட்சி இந்த ஒரு ஆட்டம்தான். முதல் ஆட்டத்திலேயே தென் கொரியாவிடம் 0-2 என்று தோற்றார்கள். தாய்லாந்தோடு ஆடியபோது ஸ்டாப்பர் ஜர்னைல் சிங்குக்குத் தலை பிளந்து தையல் போட்டார்கள். தையல் போட்ட தலையோடு பின்வரிசையில் நின்று பந்தை முட்டிக்கொண்டிருக்க முடியாது. ரஹீம் அவரை முன்வரிசைக்குக் கொண்டுபோனார். அரையிறுதியில் தென் வியட்நாமுக்கு எதிராக ஜர்னைல் கோல் போட்டார். இறுதியாட்டம் மறுபடியும் தென் கொரியாவோடு, செப்டம்பர் 4. இந்தியாவின் மேல் கோபத்தில் இருந்த பெருங்கூட்டம் ஸ்டேடியத்தில் கத்திக்கொண்டிருந்தது. அதுவரை கோலில் நின்ற பிரத்யுத் பர்மனை உட்காரவைத்துவிட்டு, காய்ச்சலிலிருந்து தேறியிருந்த பீட்டர் தங்கராஜை ரஹீம் இறக்கினார். பி.கே. பானர்ஜி ஒன்று, ஜர்னைல் ஒன்று. கொரியா கடைசியில் ஒன்றைத் திருப்பியது. 2-1, தங்கம்.

இதைவிட அழகான கோச்சிங்கை இந்தியா பார்த்ததில்லை என்று நானும் சொல்வேன். ஆனால் அந்த முடிவுகளை எடுக்க ரஹீமால் எப்படி முடிந்தது என்று யோசித்துப் பாருங்கள். பல ஆண்டுகள் இந்திய அணி அவர் கையில் இருந்தது. யார் எங்கே நின்றால் என்ன செய்வார் என்பது அவருக்கு மனப்பாடம். ஹைதராபாத்தில் பையன்களுக்கு டிரிப்ளிங்கே கூடாது என்று விதி போட்டுப் போட்டிகள் நடத்தினார். பழகாத காலால் மட்டும் உதைக்க வேண்டும் என்றும் நடத்தினார். சிட்டி போலீஸ் அணி 1950 முதல் 1954 வரை தொடர்ந்து ஐந்து முறை ரோவர்ஸ் கோப்பையை எடுத்தது. ஜகார்த்தாவில் பெஞ்சில் உட்கார்ந்திருந்தவர் அந்த வாத்தியார்தான். 1963 ஜூனில் அவர் புற்றுநோயில் போனார். அவர் போன அடுத்த ஆண்டிலும் இந்தியா ஆசியக் கோப்பையில் இரண்டாம் இடம் பிடித்தது, ஹாரி ரைட் என்ற ஆங்கிலேயரின் கீழ். 1970-ல் பாங்காக் ஆசிய விளையாட்டில் வெண்கலம் எடுத்தது. அவர் வளர்த்த தலைமுறை கிளம்பிப் போன பிறகுதான் மைதானம் காலியானது. ஒரு கோச்சின் சாவோடு எல்லாம் முடிந்தது என்று படத்துக்கு எழுதலாம். நடந்தது மெதுவாக, பத்து வருடத்தில் நடந்தது.

தங்கராஜைப் பற்றி நம் ஊர்ப்பக்கம் யாரும் பேசுவதில்லை. எனக்கு அது வருத்தம். ஹைதராபாத்தில் சென்டர் ஃபார்வர்டாக ஆட ஆரம்பித்தவர், கோல்கீப்பர் ஆனவர். வெலிங்டனில் இருக்கும் மெட்ராஸ் ரெஜிமென்ட் சென்டரில் சேர்ந்தார். அந்த அணி 1955-லும் 1958-லும் டூரண்ட் கோப்பையை வென்றது. ஃபார்வர்டாக ஆடிய ஒரு பையனைக் கோலில் நிறுத்திப் பார்க்கலாம் என்று யாருக்கோ தோன்றியிருக்கிறது. அது தோன்றாமல் போயிருந்தால் ஜகார்த்தாவில் ரஹீம் யாரை இறக்கியிருப்பார்?

நீங்கள் முக்கொம்புக்குப் பக்கத்தில் இருப்பவர், அதனால் இப்படிச் சொல்கிறேன். தேசிய அணியின் கோச் முக்கொம்பில் உட்கார்ந்திருக்கும் இன்ஜினியர். எவ்வளவு காவிரிக்கு, எவ்வளவு கொள்ளிடத்துக்கு என்று மதகைத் திறந்து மூடுவது அவர் கை. அவர் அசந்தாலோ மதகு பழுதானாலோ வந்த தண்ணீரும் வீணாகும். 2018 ஆகஸ்டில் கொள்ளிடம் பக்கம் மதகுகள் உடைந்து வெள்ளம் ஓடியதை நாமே பார்த்தோம். ஆகவே அவர் வேலை சாதாரணமில்லை. ஆனால் குடகில் மழை பெய்யாத வருடத்தில் அவர் என்ன செய்வார்?

வெளிநாட்டிலும் இதே கதைதான். 2004-ல் ஓட்டோ ரெஹாகல் கிரீஸை ஐரோப்பியச் சாம்பியன் ஆக்கினார், ஒரே போட்டித்தொடரில் போர்ச்சுகலை இரண்டு முறை தோற்கடித்து. அதே ரெஹாகல், பெரும்பாலும் அதே ஆட்கள், 2006 உலகக் கோப்பைக்குத் தகுதியே பெறவில்லை. 2022 உலகக் கோப்பையில் எர்வே ரெனார் சவுதி அரேபியாவை வைத்து அர்ஜென்டினாவை 2-1 என்று சாய்த்தார். அடுத்த இரண்டு ஆட்டத்தையும் தோற்று சவுதி வீட்டுக்குப் போனது, மெஸ்ஸியின் அர்ஜென்டினா கோப்பையோடு போனது. ஒரு ராத்திரியைக் கோச் திருடித் தரலாம். ஒரு மாதம் முழுக்க அது நடக்காது.

என்னை அதிகம் யோசிக்கவைத்தது குராசாவ். கரீபியன் கடலில் ஒரு தீவு, மக்கள்தொகை சுமார் ஒன்றரை லட்சம். நம் திருச்சி மாநகராட்சியில் ஐந்தில் ஒரு பங்குகூட இல்லை. நாம் டாக்காவில் தோற்ற அதே நவம்பர் 18 அன்று அவர்கள் ஜமைக்காவில் 0-0 என்று தாக்குப்பிடித்து 2026 உலகக் கோப்பைக்குத் தகுதி பெற்றார்கள். அவர்களுடைய அப்போதைய கோச் டிக் அட்வோகாட், பெயர் பெற்றவர். அன்று குடும்பக் காரணத்தால் மைதானத்திலேயே இல்லை. ஆட்டக்காரர்களில் அநேகமாக எல்லாரும் நெதர்லாந்தில் பிறந்து, அந்த நாட்டுப் பயிற்சிக்கூடங்களில் சிறுவயதிலிருந்து வளர்ந்தவர்கள். கோச் ஊரில் இல்லாத ஒரு நாளில், பதினைந்து வருடத்துக்கு முன்னால் ஏதோ ஒரு டச்சுச் சிற்றூரில் வேலை பார்த்த கோச்கள் அந்த ஆட்டத்தைக் காப்பாற்றினார்கள். டாக்காவில் நம்மை வங்கதேசம் ஜெயித்தபோது அவர்கள் நடுவில் நின்று ஆட்டத்தைத் தாங்கிய ஹம்சா சவுத்ரி, இங்கிலாந்தில் லெஸ்டர் சிட்டி வளர்த்த பிள்ளை.

அதெல்லாம் பணக்கார நாட்டுச் சங்கதி என்பீர்கள். கடலூருக்கு வாருங்கள். அங்கே மாரியப்பன் என்ற பயிற்சியாளர் ஏழை வீட்டுப் பெண் பிள்ளைகளையும் அரசு விடுதிப் பிள்ளைகளையும் கூட்டி ஃபுட்பால் சொல்லிக்கொடுத்தார். இந்துமதி கதிரேசன், சந்தியா ரங்கநாதன் என்று இந்தியாவுக்கு ஆடியவர்கள் அந்த மண்ணிலிருந்து வந்தார்கள். தேசிய மகளிர் பட்டத்தை மணிப்பூர் தன் வீட்டுச் சொத்துபோல வைத்திருந்த காலம். 2018-ல் கட்டாக்கில் தமிழ்நாடு அதே மணிப்பூரை 2-1 என்று ஜெயித்து முதல்முறையாகப் பட்டத்தை எடுத்தது. 2023-ல் ஹரியாணாவை ஜெயித்து மறுபடியும் எடுத்தது. காரைக்குடிக்குப் பக்கத்துக் கண்டனூரிலிருந்து போய் ஐ.எஸ்.எல்.லில் கோல் போடும் சிவசக்தியையும், முன்னாள் இந்திய வீரர் ராமன் விஜயனின் பயிற்சிப் பள்ளிதான் வளர்த்தது. கண்டனூரும் கடலூரும் நமக்கு பஸ்ஸில் ஒரு அரைநாள் தூரம்.

நம் ஊரில் என்ன குறைச்சல்? 1928-ல் நாகப்பட்டினத்திலிருந்து ரயில்வே பணிமனை பொன்மலைக்கு வந்தபோது காலனியோடு மைதானங்களும் வந்தன. ரயில்வேயில் விளையாட்டுக்காரர்களுக்கு வேலை உண்டு என்ற நம்பிக்கையே எத்தனையோ குடும்பங்கள் பையனை மைதானத்துக்கு அனுப்பக் காரணம். ஸ்ரீரங்கம் கிரிக்கெட் ஊர் என்று பெயர் வாங்கிவிட்டது, சுஜாதாவின் கதைகளிலும் அதுதான் வரும். ஆனால் கொள்ளிட மணலில் பந்து உதைக்கும் பையன்களை நீங்களும் பார்த்திருப்பீர்கள்.

பொன்மலை மைதானம் ஒன்றில் ஒரு சாயங்காலம் பார்த்ததைச் சொல்கிறேன். ஒரு மாஸ்டர், பத்துப் பன்னிரண்டு வயசுப் பிள்ளைகள். எதிரே நிற்கும் பையன் பந்தைத் தள்ளுவான். வாங்கப்போகிற பையனுக்குப் பின்னால் மாஸ்டர் நின்றுகொண்டு கையை உயர்த்தி விரல்களைக் காட்டுவார். பந்து காலுக்கு வருவதற்குள் பையன் தோளுக்கு மேலே திரும்பிப் பார்த்து, எத்தனை விரல் என்று கத்த வேண்டும். “மூணு!” “ரெண்டு!” எண்ணைச் சரியாகச் சொன்னவனுக்குப் பந்து காலில் நிற்காமல் ஓடியது, பந்தை நிறுத்தியவன் எண்ணைத் தவறவிட்டான். இருட்டும் நேரத்தில் இரண்டையும் சேர்த்துச் செய்தவர்கள் மூன்று நான்கு பேர். பந்து வருமுன் பின்னால் யார் இருக்கிறார் என்று பார்க்கும் அந்தப் பழக்கம்தான் பெரிய ஆட்டக்காரருக்கும் மற்றவருக்கும் உள்ள வித்தியாசம். இருபத்தைந்து வயதில் இந்திய கேம்புக்கு வந்தவனுக்கு அதைக் காலித் ஜமீல் ஒரு வாரத்தில் ஊட்ட முடியாது. பன்னிரண்டு வயதில் ஊட்ட முடியும். அந்த மாஸ்டரை எந்தப் பத்திரிகையும் பேட்டி எடுக்கப்போவதில்லை. அதுதான் எனக்கு ஆற்றாமையாக இருக்கிறது. ஒவ்வொரு தோல்விக்கும் தேசிய கோச்சை மாற்றுகிறோம். ஸ்டிமாச் போனார், மார்க்கெஸ் வந்தார், போனார். பள்ளிக்கூட மைதானத்தில் நிற்க வேண்டியவர் இருக்கிறாரா என்று யாரும் கேட்பதில்லை.

இனி உங்கள் மகன். தாராளமாகச் சேருங்கள். சேர்ப்பதற்கு முன் ஒரு சாயங்காலம் மைதானத்து ஓரத்தில் நின்று பாருங்கள். முப்பது பிள்ளைகளுக்கு ஒரே பந்து என்றால் திரும்பிவிடுங்கள். உயரமான பையனை முன்னால் நிறுத்திவிட்டு மற்றவர்களை நீளமாக உதைக்கச் சொல்லும் கோச் இந்த வருடம் கோப்பை வாங்கித் தருவார், உங்கள் மகனுக்கு ஒன்றும் வராது. சின்ன இடத்தில் நாலுக்கு நாலு ஆடவிடுகிறாரா, இடது காலையும் பழக்குகிறாரா, தவறவிட்ட பையனிடம் குரல் உயர்த்தாமல் மறுபடி செய்யச் சொல்கிறாரா என்று பாருங்கள். ஜெர்சியையும் போட்டோவையும் பார்க்காதீர்கள்.

இன்னொன்று. கோச்சிங் கட்டணம் உங்களால் கட்ட முடியும். மகனோடு படிக்கும் எல்லா வீட்டிலும் முடியாது. அவர்களுக்குப் பள்ளியின் பி.டி. பீரியட்தான் கோச்சிங். பரீட்சை நெருங்கினால் அந்தப் பீரியடைக் கணக்குக்கும் அறிவியலுக்கும் எடுத்துக்கொள்வது எல்லா ஊரிலும் நடக்கிறது. அடுத்த பெற்றோர் கூட்டத்தில் மார்க்கைப் பற்றிக் கேட்டு முடித்ததும் இதையும் கேளுங்கள்: வாரத்தில் எத்தனை பி.டி. பீரியட், அதில் பிள்ளைகள் உண்மையிலேயே மைதானத்தில் இருப்பது எத்தனை, பந்து எத்தனை. என்ன பதில் சொன்னார்கள் என்று எனக்கு எழுதுங்கள்.

அன்புடன்,
திருச்சியிலிருந்து