அம்மாவும் ஆய்வுகூடத்து எலியும்

அன்புள்ள தங்கைக்கு,

தெல்தோட்டையிலிருந்து எழுதிய உங்கள் கடிதம் கிடைத்தது. கொழுந்து பறிக்கும் அம்மாவுக்குச் சீனி வருத்தம். மலையில் நிற்கும்போது திடீரெனச் சிறுநீர் முட்டிக்கொண்டு வருகிறது. கழிப்பறை லயத்துப் பக்கம்தான். ஓடிப்போவதற்குள் சேலை நனைந்துவிடுகிறது. அதற்குப் பயந்து காலையில் தேத்தண்ணிகூடக் குடிப்பதில்லை. இத்தனையும் எழுதிவிட்டு, ஆய்வுகூடத்தில் எலியின் சிறுநீர்ப்பையை அறுத்துப் பார்ப்பதால் அம்மாவுக்கு என்ன ஆகப்போகிறது என்று கேட்டிருக்கிறீர்கள். மருத்துவ பீடமும் மிருக வைத்திய பீடமும் உள்ள பேராதனையில் படிப்பவர் கேட்கவேண்டிய கேள்விதான்.

எலியின் சிறுநீர்ப்பையிலிருந்து மெல்லிய கீற்றாகத் தசையை எடுத்து, ஒட்சிசன் செலுத்திய 37 பாகை உப்புக் கரைசலில் நூலால் கட்டித் தொங்கவிடுவார்கள். பல மணி நேரம் அது உயிரோடிருக்கும். நரம்பு அனுப்பும் அசற்றைல்கோலின் பட்டால் சுருங்கும். அந்தச் சுருக்கத்தின் வலுவை அளந்தால் தசையின் நலம் தெரியும்.

ஸ்ட்ரெப்டோசோடோசின் என்ற மருந்தால் சீனி வருத்தம் உண்டாக்கப்பட்ட எலி நிறையக் குடிக்கும், நிறையப் பெய்யும். சில வாரங்களிலேயே அதன் சிறுநீர்ப்பை தடித்துக் கனமாகிவிடும். சீனி வருத்தமே இல்லாத எலிக்குச் சீனித் தண்ணீர் கொடுத்தாலும் அப்படித்தான். ஓயாமல் வரும் நீரைத் தள்ளித் தள்ளியே தசை பெருக்கிறது. முதலில் அது பொறுமையிழந்து அடிக்கடி சுருங்கும். மாதங்கள் போகப் போக நரம்பும் தசையும் களைத்து, முழுவதும் வெளியேற்றும் வலுவை இழக்கும். இன்சுலின் கொடுத்த எலிகளில் இந்த மாற்றங்கள் குறைந்தன.

எலி சொன்னதெல்லாம் மனிதருக்குப் பொருந்தாது. எலியின் தசை ஏடிபி என்ற பொருளுக்கும் நன்றாகச் சுருங்கும். நலமான மனிதரின் தசை பெரும்பாலும் அசற்றைல்கோலினுக்கே சுருங்கும். ஆனாலும் இந்தத் தசையைத் தளர்த்தும் மிராபெக்ரான் என்ற மருந்து 2011இல் ஜப்பானில் அனுமதி பெறுமுன் எலிகளைத் தாண்டித்தான் வந்தது. அந்த உயிர்களுக்கு நாம் கடன்பட்டவர்கள். விடை தெரிந்த கேள்விக்காக இன்னோர் எலியைக் கொல்லக்கூடாது.

தங்கை, அம்மாவுக்கு இருப்பது வயதுக் கோளாறென்றோ வெட்கக்கேடென்றோ யாரும் சொன்னால் நம்பவேண்டாம். அதிகம் உழைத்த தசையின் நோயாக அது இருக்கலாம். கிருமித் தொற்றாகவும் இருக்கலாம். சிறுநீரையும் இரத்தச் சீனியையும் பரிசோதிக்கச் சொல்லுங்கள். தண்ணீரைக் குறைப்பது மருந்தாகாது. மலைக்குப் பக்கத்தில் ஒரு கழிப்பறை வேண்டும் என்று கேட்பதும் வைத்தியத்தில் சேர்த்திதான். எந்த மாத்திரையும் அதைக் கட்டித் தராது.

அடுத்த கிளினிக் நாளில் அம்மாவோடு நீங்களும் போங்கள். அவர் சொல்லத் தயங்கினால், வைத்தியரிடம் நீங்களே சொல்லுங்கள்.

அன்புடன்,
உங்கள் அக்கா