விடைக்குப் பின்னே நிற்கும் வினாக்கள்
(பொது அறிவுப் பாடம்)



தமிழ்ப் பாடசாலை விழா என்றால் பேச்சுப் போட்டி, கட்டுரைப் போட்டி ஆகியவற்றோடு பொது அறிவுப் போட்டியும் இடம்பெறுவது வழக்கம். வினாடி வினா பல நாடுகளிலும் மக்கள் விரும்பும் விளையாட்டாகும். பிரித்தானியாவில் மதுச்சாலைகள் பலவற்றில் அணிகள் அமைத்து, பருவம் முழுவதும் ஒன்றோடொன்று போட்டியிட்டுப் புள்ளி சேர்ப்பர். இத்தாலியில் 1955 தொடக்கம் 1959 வரை "லாஷா ஓ ரதோப்பியா", அதாவது "விட்டுவிடு அல்லது இரட்டிப்பாக்கு", என்னும் வினாடி வினா நிகழ்ச்சி தொலைக்காட்சியில் ஒளிபரப்பாகியது. வீட்டில் தொலைக்காட்சிப் பெட்டி இல்லாதோர் அருகிலிருந்த பார்களில் கூடி நின்று அதனைப் பார்த்தனர். எமது நாட்டில் ஐந்தாம் வகுப்புப் புலமைப் பரிசில் பரீட்சைக்காகப் பொது அறிவு வினாவிடைகளை இரவிரவாக மனனஞ் செய்த நினைவு பெற்றோர் பலருக்கு இருக்கும்.

இவ்விளையாட்டில் விடை ஒரு சொல்லோடு முடிந்துவிடுகிறது. பெயரையும் ஆண்டையும் மாத்திரம் மனனஞ் செய்த பிள்ளை, போட்டி முடிந்து ஒரு திங்களுக்குள் அவற்றை மறந்துவிடும். காரணத்தோடு கற்றது நிலைக்கும். இதனை ஓர் எடுத்துக்காட்டால் விளக்குவோம்.

1. ஒரு வினாவும் அதன் கிளைகளும்

"முதன்முதலிற் கண்டுபிடிக்கப்பட்ட சிறுகோள் எது?" இது பொது அறிவு நூல்களிற் காணப்படும் வினா. விடை: சீரிஸ். இத்தாலியர் இதனைச் செரெரே என்பர்.

இனி, யார், எங்கே, எப்பொழுது, எவ்வாறு, ஏன் என்னும் ஐந்து வினாக்களை இவ்விடையின்மேல் எழுப்புவோம்.

கண்டுபிடித்தவர் ஜுசெப்பே பியாட்சி என்னும் துறவி. நாள் 1801 ஜனவரி 1. இடம் யாது தெரியுமா? நாம் வாழும் இப்பலெர்மோ நகரமேதான். நகரின் நடுவேயுள்ள நோர்மன் அரண்மனையின் கோபுரத்தில் அமைந்த வானாய்வு நிலையத்திலிருந்து அவர் அதனைக் கண்டார். அவர் புதிய கோளைத் தேடவில்லை. விண்மீன்களின் பட்டியல் ஒன்றைத் தயாரித்துக்கொண்டிருந்தார். மங்கலான ஒரு புள்ளி இரவுக்கு இரவு இடம் மாறுவதைக் கவனித்தார். விண்மீன்கள் அவ்வாறு சில நாட்களில் இடம் மாறுவதில்லை என்பதை அறிந்திருந்தமையால், இது வேறொரு பொருள் எனத் தெளிந்தார். செரெரே என்பவள் தானியத்துக்குரிய உரோமத் தெய்வம். பண்டைய உரோமாபுரிக்குக் கோதுமை வழங்கிய சிசிலித் தீவின் காவல் தெய்வமாகவும் அவள் கருதப்பட்டாள். அதனாலேயே பியாட்சி அப்பெயரைத் தெரிந்தெடுத்தார்.

சில கிழமைகளில் அப்பொருள் சூரியனின் ஒளிக்குள் மறைந்துவிட்டது. அதனை மீண்டும் எங்கே தேடுவது? பியாட்சியின் சில அவதானிப்புக்களை மாத்திரம் கொண்டு, ஜெர்மனியைச் சேர்ந்த 24 வயதுடைய கவுஸ் என்னும் கணித மேதை அதன் பாதையைக் கணித்தார். அவர் சுட்டிய இடத்திற்கு அருகே அவ்வாண்டின் இறுதியில் அது மீண்டும் காணப்பட்டது. கண்ணாற் கண்டவர் ஒருவர். கணக்காற் கண்டவர் மற்றொருவர்.

ஒரு சொல் விடையிலிருந்து வானியல், வரலாறு, வேளாண்மை, கணிதம் ஆகிய நான்கு துறைகளைத் தொட்டுவிட்டோம்.

2. விடைக்கும் ஆண்டு உண்டு

சீரிஸ் முதலிற் கோள் எனப்பட்டது; பின்னர் சிறுகோள் எனப்பட்டது; 2006இல் குறுங்கோள் என வகைப்படுத்தப்பட்டது. எமது தாய்நாட்டின் பெயர் 1972 வரை ஆங்கிலத்திற் சிலோன்; அதன்பின் சிறீலங்கா. எட்னா எரிமலையின் உயரம் 3,300 மீற்றருக்கு மேற்பட்டது. வெடிப்புக்கள் நிகழும்போது அது சில மீற்றர் கூடும், சில மீற்றர் குறையும். ஆகையால் ஒரு விடையைக் கற்கும்போது, அது எந்த ஆண்டுக்குரிய விடை என்பதையும் சேர்த்துக் கற்றல் வேண்டும். பழைய நூலில் உள்ளதை அப்படியே ஒப்புவிப்போர் இவ்விடத்திலேயே இடறுவர்.

3. இரு தீவுகள்

ஒன்றைத் தேடும்போது எதிர்பாராத நன்மை வேறொன்று கிடைப்பதை இத்தாலியர் "செரெந்திப்பித்தா" என்பர். பியாட்சிக்குக் கிட்டியது அத்தகைய பேறே. இச்சொல்லின் மூலம் யாது? 1754இல் ஆங்கில எழுத்தாளர் ஹொரேஸ் வால்போல் இதனை ஆங்கிலத்தில் ஆக்கினார். செரெண்டிப் நாட்டு இளவரசர் மூவரின் கதையிலிருந்து அவர் இதனைப் பெற்றார். அக்கதை 1557இல் வெனிசு நகரில் இத்தாலிய மொழியில் அச்சிடப்பட்டது. செரெண்டிப் என்பது வேறெந்த நாடுமன்று. அரபு மாலுமிகள் சரந்தீப் என அழைத்த எமது இலங்கைத் தீவே ஆகும்.

அதற்கும் முன்னரே பலெர்மோ எமது தீவை அறிந்திருந்தது. இரண்டாம் ரோஜர் மன்னனின் ஆதரவில் அல் இத்ரீசி என்னும் அறிஞர் 1154இல் பெரும் புவியியல் நூலொன்றை நிறைவுசெய்தார். அதன் உலகப் படத்தில் தெற்கு மேற்புறமாக வரையப்பட்டிருந்தது. சரந்தீப் பற்றிய செய்திகளும் அந்நூலில் உள்ளன. பியாட்சி வானத்தை நோக்கிய அதே அரண்மனையே ரோஜர் மன்னனின் அரண்மனையுமாகும்.

இரு தீவுகளிலும் உள்ள இரண்டு கற்களையும் ஒப்பிட்டுப் பாருங்கள். பலெர்மோவின் சீசா மாளிகையில் 1149ஆம் ஆண்டுக் கல்லறைக் கல் ஒன்று உள்ளது. ஒரு தாயின் நினைவாக அவருடைய மகன் அமைத்தது. இலத்தீன், கிரேக்கம், அரபு ஆகிய மொழிகளிலும், எபிரேய எழுத்தில் எழுதப்பட்ட அரபிலும் அதன் வாசகம் பொறிக்கப்பட்டுள்ளது. ஒவ்வொரு மொழியினரும் தத்தம் ஆண்டுக் கணக்கின்படியே அதிற் காலத்தைக் குறித்துள்ளனர். மற்றையது 1409ஆம் ஆண்டு நாளிடப்பட்ட காலிக் கல்வெட்டு. சீனத் தளபதி செங் ஹேயின் கடற்பயணத்தோடு இலங்கைக்கு வந்த அக்கல்லில் சீனம், தமிழ், பாரசீகம் ஆகிய மும்மொழிகள் உள்ளன. தமிழ்ப் பகுதி தேனாவரை நாயனார் என்னும் தெய்வத்துக்கு அளித்த காணிக்கைகளைக் கூறுகிறது. வடிகால் ஒன்றை மூடும் கல்லாகக் கிடந்த அது 1911இற் கண்டெடுக்கப்பட்டு, இன்று கொழும்பு நூதனசாலையில் இருக்கிறது.

"நீ எந்த நாட்டவன்?" என வகுப்பிலே கேட்கப்படும் பிள்ளை நாணித் தலைகுனிய வேண்டியதில்லை. இவ்விரு கற்களின் கதையையும் கூறத் தெரிந்த பிள்ளை, இரு தீவுகளுக்கும் உரியதாகத் தலைநிமிர்ந்து நிற்கும்.

4. வீட்டிலே ஒரு வினாடி வினா

பெற்றோர்களே! புலம்பெயர்ந்த வீடுகளிற் பிள்ளையே மொழிபெயர்ப்பாளன். வைத்தியரிடமும் அலுவலகங்களிலும் பிள்ளை பேச, தாய்தந்தையர் அருகே நிற்கின்றனர். நாளடைவில், "அம்மா, அப்பாவுக்கு ஒன்றும் தெரியாது" என்னும் எண்ணம் பிள்ளை மனத்தில் வேரூன்றுகிறது. பிள்ளை பெற்றோரிடம் வினாவுவதை நிறுத்திவிடின், தமிழ் பேசுவதற்குரிய காரணமும் அவ்வீட்டில் அருகிப்போகும். ஞாயிறு தோறும் நாம் நடத்தும் இரண்டு மணி நேர வகுப்பு அவ்விழப்பை ஈடுசெய்ய மாட்டாது.

ஆதலால், கிழமைக்கு ஒருநாள் இராச் சாப்பாட்டின் பின் அரைமணி நேரம் வினாடி வினா நடத்துங்கள். பாதி வினாக்கள் பிள்ளைகளே விடையளிக்கக் கூடியனவாகவும், மறுபாதி பெற்றோரே விடையளிக்கக் கூடியனவாகவும் அமையட்டும். ஒரு சொல் விடைக்கு ஒரு புள்ளி. காரணத்தையும் கூறினால் மூன்று புள்ளிகள். விடை தமிழில் இருத்தல் வேண்டும். தொடங்குவதற்குச் சில வினாக்கள்:

பெற்றோர் பிள்ளைகளிடம் கேட்க:
அ) கரிபால்டி 1860இல் சிசிலியின் எந்தத் துறைமுகத்தில் இறங்கினார்? ஏன் வந்தார்?
ஆ) 1624இல் பலெர்மோவில் பரவிய கொள்ளைநோய்க்கும் புனித ரொசாலியாவுக்கும் உள்ள தொடர்பு யாது? எம்மவரிற் சைவர்களும் பெல்லெகிரினோ மலையேறி அவரை வணங்குவது ஏன்?
இ) பலெர்மோவின் மாசிமோ அரங்கு திறக்கப்பட்ட ஆண்டு எது?

பிள்ளைகள் பெற்றோரிடம் கேட்க:
அ) ஒடியலுக்கும் புழுக்கொடியலுக்கும் வேறுபாடு யாது?
ஆ) யாழ்ப்பாணக் குடாநாட்டில் வற்றாத ஆறுகள் இல்லாதிருந்தும் கிணறுகளில் நன்னீர் கிடைப்பது எவ்வாறு?
இ) உங்கள் ஊருக்கு அப்பெயர் வந்த காரணம் யாது?

விடைகள்: மர்சாலா, பூர்போன் ஆட்சியை அகற்றுவதற்காக, புனிதரின் எலும்புகள் எனப் போற்றப்பட்டவை அம்மலைக் குகையிற் கண்டெடுக்கப்பட்டு, நகரெங்கும் பவனியாக எடுத்துவரப்பட்டபின் நோய் நீங்கியதென மக்கள் நம்பினர், 1897. ஒடியல் பனங்கிழங்கைப் பச்சையாக உலர்த்தியது, புழுக்கொடியல் அவித்து உலர்த்தியது. மழைநீரைச் சுண்ணாம்புக் கற்பாறை உறிஞ்சித் தன்னுள்ளே தேக்கிவைக்கிறது. சைவர்கள் மலையேறுவது ஏன் என்பதற்கும், இறுதி வினாவுக்கும் உரிய விடைகளை இம்மலரில் அச்சிட இயலாது. அவை உங்கள் வீட்டில் உள்ளன. அவற்றைக் கேட்டு எழுதி, அடுத்த வகுப்புக்குக் கொண்டு வாருங்கள்.