ஏழு முறை சிமிட்டும் பச்சை விளக்கு

ராஸ்பெர்ரி பை என்னும் கணிப்பொறியை உங்களில் சிலர் பார்த்திருக்கலாம். ஒரே அட்டையில் அடங்கிய இது 2012இல் பிரிட்டனில் வெளிவந்தது. மின்சாரம் கொடுத்ததும் சிவப்பு விளக்கு எரிகிறது. திரையிலோ ஒன்றையும் காணோம்! கணிப்பொறி கெட்டுவிட்டது என்று முடிவு கட்டிவிடாதீர்கள். சிவப்பு விளக்கு மின்சாரம் வந்ததை மட்டுமே சொல்கிறது. அருகிலுள்ள பச்சை விளக்கைக் கவனியுங்கள்.

முதலில் ஒரு கேள்வி. கணிப்பொறி எதைச் செய்யவும் நிரல் வேண்டும். நிரல் மெமரி கார்டில் இருக்கிறது. அதைப் படித்து நினைவகத்துக்குக் கொண்டுவருவதும் ஒரு வேலைதானே? அதற்கும் நிரல் வேண்டுமே! அதை யார் கொண்டுவருவது?

யாரும் கொண்டுவர வேண்டியதில்லை. சில்லைத் தயாரிக்கும்போதே ஒரு சிறு நிரலை அழியாதபடி உள்ளே பதித்துவிடுகிறார்கள். முதல் பை கணிப்பொறியில் இது கார்டிலிருந்து 'பூட்கோட்' என்ற கோப்பைத் தேடிப் படிக்கிறது. அப்போது பிரதான நினைவகம் இன்னும் வேலை செய்யத் தொடங்கியிருக்காது. ஆகவே பூட்கோட், 128 கிலோபைட் அளவுள்ள இடைநினைவகத்தில் இருந்தபடி பிரதான நினைவகத்தை இயக்கிவைத்து, 'ஸ்டார்ட்' என்ற அடுத்த கோப்பை அழைத்துவருகிறது. ஸ்டார்ட், இயக்க முறைமையின் கருவான கெர்னலைக் கொண்டுவருகிறது.

வேடிக்கை என்னவென்றால், இதுவரை ஆர்ம் செயலி எதுவுமே செய்யவில்லை! எல்லாவற்றையும் செய்தது படம் வரைவதற்கென்று உள்ள செயலி. மாப்பிள்ளை வருமுன் பந்தல் போடுவதுபோல், கெர்னலை நினைவகத்தில் வைத்த பிறகே ஆர்மை எழுப்புகிறது.

இந்தச் சங்கிலி எங்கே அறுந்தது என்பதைத்தான் பச்சை விளக்கு சொல்கிறது. நான்கு முறை சிமிட்டினால் ஸ்டார்ட் கோப்பைக் காணவில்லை. ஏழு முறை என்றால் கெர்னலைக் காணவில்லை. எட்டு முறை என்றால் நினைவகத்தில் கோளாறு. சிமிட்டவே இல்லையா? முதற்கோப்பே படிக்கப்படவில்லை. இயக்க முறைமையின் வட்டுப்பிம்பத்தை அப்படியே ஒரு கோப்பாகக் கார்டில் நகலெடுத்துவிட்டு விழிப்பவர்கள் ஏராளம். அதைப் பிரித்துக் கார்டில் பதிக்க வேண்டும். (2019இல் வந்த பை 4இல் பூட்கோட்டின் வேலையை அட்டையிலுள்ள தனிச் சில்லே செய்துவிடுகிறது.)

திரையில் வானவில் நிறச் சதுரம் தோன்றி, அப்படியே நின்றுவிட்டால்? ஸ்டார்ட் வந்துவிட்டது; கெர்னல்தான் ஓடவில்லை. முதல் பையின் செயலி ஆர்ம் ஆறாம் வகை. 2015இல் வந்த பை 2இன் செயலி ஏழாம் வகை. ஏழாம் வகைக்கென்று தயாரித்த கெர்னலில் ஆறாம் வகைக்குப் புரியாத கட்டளைகள் இருக்கும். இரண்டுக்கும் தனித்தனிக் கெர்னல் கோப்புகள் இருப்பது இதனால்தான்.

எழுத்துகள் வரிவரியாக ஓடி, 'கெர்னல் பேனிக்' என்று நின்றால் பாதி மகிழ்ச்சி அடையலாம். ஆர்ம் விழித்துவிட்டது. பெரும்பாலும், மற்றக் கோப்புகள் உள்ள பகுதியின் முகவரி தவறாக இருக்கும். கார்டை வேறு கணிப்பொறியில் செருகி, 'சிஎம்டிலைன்' என்ற கோப்பில் அந்த ஒரு வரியைச் சரிபாருங்கள்.