பகைவன் மரணமும் நம் நாவும்



ஊராருக்கு ஆகாத ஒருவன் இறந்துபோனான் என்று செய்தி வருகிறது. வட்டிக்கு வட்டி வாங்கியவனாக இருக்கலாம். ஏழையின் காட்டைத் தன் பேருக்கு எழுதிக்கொண்டவனாக இருக்கலாம். “தொலைந்தான்” என்கிறார் ஒருவர். நாலு பேர் சிரிக்கிறார்கள். கடைத்திண்ணையில் இருந்த சிரிப்பு இப்போது கைப்பேசிக்கும் வந்துவிட்டது. கண்டித்தால், “பேச எனக்குச் சுதந்திரம் இல்லையா?” என்று கேட்கிறார்கள். கேட்க வேண்டிய கேள்விதான். இந்த வாரம் அதை ஒழுங்காக ஆராய்வோம்.

1. சட்டம் சொல்வது

2021 டிசம்பர் 8-ந் தேதி, சூலூரிலிருந்து வெலிங்டன் சென்ற இராணுவ ஹெலிகாப்டர் குன்னூர் அருகே விழுந்து எரிந்தது. அதிலிருந்தவர்கள் 14 பேர். முப்படைத் தலைமைத் தளபதி பிபின் ராவத்தும் அவர் மனைவியும் உட்பட 13 பேர் அன்றே மாண்டனர். குரூப் கேப்டன் வருண் சிங் ஒரு வாரம் கழித்து உயிர் நீத்தார். நாடு அழுதது. ஆனால் தளபதியின் கருத்துகளைப் பிடிக்காத சிலர் சிரிக்கும் பொம்மை முகங்களைப் பதிந்தார்கள். சில மாநிலங்களில் கைதும் நடந்தது. நம் மாநிலத்தில் அச்சாவைத் தொட்டு எழுதிய ஒருவர்மீது போட்ட வழக்கை, உயர்நீதிமன்றத்தின் மதுரைக் கிளை சில நாட்களுக்குள் ரத்து செய்தது.

அரசியல் சாசனத்தின் 19-ம் பிரிவு பேச்சுரிமையைத் தருகிறது. பொது அமைதி, அவதூறு முதலிய சில காரணங்களுக்காக மட்டுமே அதற்கு வரம்பு கட்டலாம். அருவருப்பான பேச்செல்லாம் குற்றமாகிவிடாது. அப்படி ஆனால், நாளைக்கு அதிகாரியைப் பற்றி நியாயமான குறை சொல்லும் ஏழையின் வாயும் அடைபடும். ஆகவே, கெட்ட பேச்சுக்கெல்லாம் சிறைதான் மருந்து என்று நாம் சொல்லவில்லை. ஆனால் சட்டம் தண்டிக்காததெல்லாம் நல்லதாகிவிடுமா? தாயை எதிர்த்துப் பேசும் மகனைச் சிறையில் போடச் சட்டமில்லை. அதனால் அவன் செய்தது சரியென்று எந்தத் தாயும் சொல்லமாட்டாள்.

2. போர்வீரன் கற்றுத் தருவது

பிறருடைய சுதந்திரத்துக்குக் காவல் நிற்கும் போர்வீரனுக்கு அந்தச் சுதந்திரம் முழுமையாக இல்லை. சாசனத்தின் 33-ம் பிரிவும் 1950-ம் ஆண்டின் இராணுவச் சட்டமும் அவன் பத்திரிகைக்கு எழுதுவதையும் அரசியல் பேசுவதையும் கட்டுப்படுத்துகின்றன. தன்னைத் திட்டுகிறவனுடைய பேச்சுரிமைக்கும் சேர்த்தே அவன் பனியில் நிற்கிறான்.

பகைவனின் சாவை அவன் எப்படிப் பார்க்கிறான்? 1999 கார்கில் யுத்தத்தில், டைகர் மலையருகே பாகிஸ்தான் கேப்டன் கர்னல் ஷேர் கான் நம்மவர்களை எதிர்த்துக் கடும்போர் செய்து மாண்டார். நமது பிரிகேடியர் பாஜ்வா அப்பிரேதத்தின் சட்டைப்பையில், இவர் வீரமாகப் போரிட்டார் என்று ஒரு சீட்டு எழுதி வைத்து அனுப்பினார். பாகிஸ்தான் தன் உயர்ந்த வீர விருதை அவருக்கு அளித்தது. பிரிகேடியர் எதிரியின் படையெடுப்பை நியாயம் என்று சொல்லவில்லை. அவருடைய ஆட்களும் அங்கே உயிர் விட்டிருந்தார்கள். இருந்தும் உண்மையை மறைக்கவில்லை.

நம் கொல்லிமலையின் கதையும் இதுதான். வல்வில் ஓரியைக் கொன்றவன் மலையமான் காரி. இன்று தமிழ் நூல்கள் கடையெழு வள்ளல்களை எண்ணும்போது, கொன்றவனும் மாண்டவனும் ஒரே வரிசையில் நிற்கிறார்கள். பகை போயிற்று, ஈகை நின்றது.

3. வேதம் போதிப்பது

சவுல் அரசன் தாவீதைக் கொல்லக் காடுமேடெல்லாம் துரத்தினான். அவன் கெல்போயே மலையில் மாண்டான் என்று கேட்டபோது தாவீது ஆடையைக் கிழித்து, மாலைவரை உபவாசமிருந்து அழுதான். பெலிஸ்தரின் வீதிகளில் இச்செய்தி கொண்டாட்டமாகக் கூடாதே என்று தவித்தான். கவனியுங்கள்: சவுல் தனக்குத் தீங்கு செய்யவில்லை என்று தாவீது பொய் சொல்லவில்லை. அவனிடம் உண்மையாக இருந்த வீரத்தையும், மக்களுக்குச் செய்த நன்மையையும் மட்டும் எடுத்துச் சொன்னான். பகைவன் விழும்போது களிகூராதே என்று பழமொழி ஆகமமும் எச்சரிக்கிறது.

2011 மே மாதம் ஒசாமா பின் லாடன் கொல்லப்பட்டபோது அமெரிக்க நகரங்களில் ஜனங்கள் தெருவில் ஆர்ப்பரித்தார்கள். எத்தனையோ பேரின் சாவுக்கு அவன் பெரும் பொறுப்பாளி என்பதைச் சொன்ன வத்திக்கானின் பேச்சாளரே, ஒரு மனிதனின் மரணத்தில் கிறிஸ்தவன் மகிழ்வதில்லை என்றும் சொன்னார். திருச்சபை எத்தனையோ பேரை அர்ச்சியசிஷ்டவர்களாக உயர்த்தியிருக்கிறது. இன்னான் நரகத்தில் இருக்கிறான் என்று ஒருவனைக்கூடத் தீர்மானித்துச் சொன்னதில்லை.

4. ஒரு பகுத்தறிவு

இறந்தவனால் நிலத்தை இழந்தவரும் பிள்ளையை இழந்தவரும் நம்மிடையே இருக்கலாம். “இனி அவனால் தொல்லை இல்லை” என்று அவர்கள் பெருமூச்சு விடுவது பாவமல்ல. தீமை ஓய்ந்ததற்கு நிம்மதி கொள்வது வேறு. மனிதன் அழிந்ததற்குக் களிப்பது வேறு. பாவியின் பாவத்தை வெறு, அவனுடைய மனித சுபாவத்தை நேசி என்பதே அர்ச். தோமாஸ் அக்குவினாஸ் காட்டும் வழி. ஆகவே “செத்தவரைப் பற்றிப் பேசாதே” என்று சொல்லி, பாதிக்கப்பட்டவர் வாயை அடைக்காதீர்கள். பிடுங்கிய நிலம் பிடுங்கிய நிலமே. பத்திரத்தோடு போய் நியாயம் கேட்கலாம். இறந்தவனின் பிள்ளைகளும், அநியாயமாக வந்ததைத் திருப்பிக் கொடுக்கக் கடமைப்பட்டவர்கள்.

5. நாம் செய்யத்தக்கது

குன்னூரில் ஹெலிகாப்டர் விழுந்தபோது நஞ்சப்பசத்திரத்து ஜனங்கள், எரிகிறவர் யாரென்று விசாரிக்கவில்லை. தண்ணீரும் கம்பளியும் எடுத்துக்கொண்டு ஓடினார்கள். அந்தச் சின்ன ஊரை ஓராண்டுக்குத் தத்தெடுப்பதாகப் பின்பு இராணுவம் அறிவித்தது. அவர்களும் நம்மைப்போல் மலைச்சனங்களே.

சாவுச் செய்தி கேட்டவுடன், முதலில் ஒரு பரலோக மந்திரம் சொல்லுங்கள். அடக்கம் முடியும்வரை கேலியைப் பேசவும் அனுப்பவும் வேண்டாம். வெறுக்கப்பட்டவன் வீடானாலும் போய்ப் பாடைக்குத் தோள் கொடுங்கள். அந்த வீட்டுக் குழந்தைகள் ஒரு குற்றமும் செய்யவில்லை.

இன்றிரவு செபமாலைக்குப் பின் வீட்டில் பேசிக்கொள்ள:

• சட்டம் அனுமதித்தும் கிறிஸ்தவன் சொல்லத் தகாத சொல் எது?
• சவுலைப் பற்றித் தாவீது எதைச் சொன்னான், எதைச் சொல்லாமல் விட்டான்?
• நம் வீட்டில் யாருடைய பெயரைக் கேட்டால் எல்லாருக்கும் கசக்கிறது? அவர் உயிரோடிருக்கும்போதே அவருக்காக வேண்டிக்கொள்ள முடியுமா?