குற்றவியல் நீதி முறைமையும் தனியார் பாதுகாப்புச் சேவையும்

மாணவர்களே, வங்கி, வைத்தியசாலை, பல்பொருள் அங்காடி ஆகியவற்றின் வாயிலில் சீருடை அணிந்த பாதுகாப்பு உத்தியோகத்தரைக் கண்டிருப்பீர்கள். அவர் பொலிஸ் உத்தியோகத்தர் அல்லர். இவ்வேறுபாட்டை விளங்கிக்கொள்வது பரீட்சைக்கு மட்டுமன்றி, உங்கள் உரிமைகளைப் பாதுகாத்துக்கொள்வதற்கும் அவசியமாகும்.

1. குற்றவியல் நீதி முறைமையின் பிரதான நிறுவனங்கள்

• பொலிஸ் – முறைப்பாட்டை ஏற்றல், புலனாய்வு செய்தல், சந்தேகநபரைக் கைது செய்தல்.
• சட்டமா அதிபர் திணைக்களம் – பாரதூரமான குற்றங்களுக்கு மேல் நீதிமன்றத்தில் குற்றப்பகர்வு தாக்கல் செய்தல்.
• நீதிமன்றம் – வழக்கை விசாரித்துத் தீர்ப்பளித்தல்.
• சிறைச்சாலை – தண்டனை பெற்றோரையும் விளக்கமறியலில் உள்ளோரையும் தடுத்து வைத்தல், புனர்வாழ்வளித்தல்.

எவை குற்றங்கள் என்பதை 1883 ஆம் ஆண்டின் தண்டனைச் சட்டக்கோவை கூறுகின்றது. கைது, விசாரணை என்பவற்றுக்கான நடைமுறையை 1979 ஆம் ஆண்டின் 15 ஆம் இலக்கக் குற்றவியல் நடவடிக்கைமுறைச் சட்டக்கோவை கூறுகின்றது.

2. தனியார் பாதுகாப்புச் சேவை

இச்சேவையை வழங்கும் நிறுவனங்களை 1998 ஆம் ஆண்டின் 45 ஆம் இலக்கத் தனியார் பாதுகாப்பு முகவர் நிலையங்கள் சட்டம் ஒழுங்குபடுத்துகின்றது. இவற்றின் பிரதான பணி குற்றம் நிகழாமல் தடுப்பதாகும். குற்றத்தைப் புலனாய்வு செய்வதும் தண்டிப்பதும் இவற்றின் பணியல்ல.

பாதுகாப்பு உத்தியோகத்தருக்குச் சாதாரண பிரசைக்குரிய கைது அதிகாரமே உண்டு. மேற்படி சட்டக்கோவையின் 35 ஆம் பிரிவின்படி, தன் முன்னிலையில் பிடியாணையின்றிக் கைது செய்யக்கூடிய குற்றத்தைப் புரிபவரை எந்தவொரு தனியாளும் கைது செய்யலாம். அத்தகைய குற்றத்தைப் புரிந்ததாக நியாயமாகச் சந்தேகிக்கப்பட்டுத் தப்பியோடுபவரையும் கைது செய்யலாம். ஆயினும் தேவையற்ற தாமதமின்றிப் பொலிஸாரிடம் ஒப்படைத்தல் வேண்டும்.

3. உதாரணம்

மாணவி ஒருவர் கடையிலிருந்து வெளியேறும்போது எச்சரிக்கை மணி ஒலிக்கின்றது. அவர் பொருள் எதனையும் எடுத்ததை உத்தியோகத்தர் காணவில்லை, மாணவி ஓடவுமில்லை. எனினும் அவரை அறையொன்றில் இரண்டு மணித்தியாலம் பூட்டி வைத்து, களவெடுத்ததாக எழுதித் தருமாறு வற்புறுத்துகின்றார். இது சரியா?

சரியன்று. மணி ஒலித்தமை மட்டும் களவுக்குச் சான்றாகாது. பற்றுச்சீட்டைக் காட்டுமாறு மரியாதையாகக் கேட்கலாம். சந்தேகம் தீராவிடின் பொலிஸாருக்கு அறிவிக்கலாம். ஒருவரைச் சட்டமுரணாக அடைத்து வைப்பது தானே ஒரு குற்றமாகும். அவர் களவெடுத்ததை உத்தியோகத்தர் நேரில் கண்டிருந்தாலும், அடிக்கவோ தாமே தண்டிக்கவோ முடியாது.

4. கைது செய்யப்பட்டவரின் உரிமைகள்

• கைதுக்கான காரணத்தை அறிதல் – அரசியலமைப்பின் 13(1) ஆம் உறுப்புரை.
• குற்றவாளி என நிரூபிக்கப்படும்வரை சுற்றவாளி எனக் கருதப்படல் – 13(5) ஆம் உறுப்புரை.
• சித்திரவதைக்கு உட்படாதிருத்தல் – 11 ஆம் உறுப்புரை.
• பிடியாணையின்றிக் கைது செய்யப்பட்டால், சாதாரண சட்டத்தின் கீழ், பிரயாண நேரம் நீங்கலாக 24 மணித்தியாலத்துக்குள் நீதவான் முன் ஆஜர்படுத்தப்படல்.

5. கவனிக்க

“பாதுகாப்பு உத்தியோகத்தருக்குக் கைது செய்யும் அதிகாரமே இல்லை” என எழுதுவது பிழை. “பொலிஸாருக்குரிய அதிகாரம் அவருக்கும் உண்டு” என எழுதுவதும் பிழை. அதிகாரத்தையும் அதன் எல்லையையும் சேர்த்தே எழுதுக.

பயிற்சி வினாக்கள்

(அ) குற்றவியல் நீதி முறைமையின் நிறுவனங்கள் மூன்றினைக் குறிப்பிடுக.
(ஆ) தனியாள் ஒருவர் கைது செய்யக்கூடிய சந்தர்ப்பங்கள் இரண்டினைத் தருக.
(இ) மேலுள்ள உதாரணத்தில் மாணவியின் எந்த உரிமைகள் பாதிக்கப்பட்டன? காரணங்காட்டி விளக்குக.